வலது கை பேச, இடது கை நிறுத்த

அந்த நீலப் பலகையை முதலில் பார்த்தவள் மாரிசேலாதான். திங்கட்கிழமை காலை, பள்ளியின் கூடைப்பந்து அரங்கத்துக்குள் பல் வைத்தியக் குழுவின் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மடக்கு நாற்காலிகள், விளக்குகள், எச்சில் உறிஞ்சும் இயந்திரம், கையுறைப் பெட்டிகள் எல்லாம் வந்து இறங்கின. கடைசியாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அது வந்தது. மெத்தை வைத்த பலகை, இரண்டு பக்கமும் அகலமான துணி மடிப்புகள், மடிப்புகளில் ஒட்டுப்பட்டைகள். பிள்ளையை அதில் கிடத்தி, கைகளை உடம்போடு சேர்த்துச் சுருட்டி ஒட்டிவிட்டால் அசைய முடியாது. உறையின் மேல் ஒரு குழந்தை சிரிக்கிற மாதிரி படம் வேறு போட்டிருந்தார்கள். கட்டுண்டு கிடக்கிற பிள்ளைக்கு என்ன சிரிப்பு வரும் என்று அந்தப் படத்தைப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

மாரிசேலா அப்படியே திரும்பி நடந்தாள். எல்க் ஃபோர்க் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் அவள் கடைசி வருஷம், பதினேழு வயது. கீழ் வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் மூன்று வாரமாக அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறையில் இடப்பக்கமாகவே மென்றாள். ஆப்பிளைப் பக்கத்திலிருப்பவளிடம் தள்ளினாள். சூடான சாக்லெட் பானத்தை ஆறவைத்து, அதையும் ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். எப்படியாவது இந்த வாரத்தை ஓட்டிவிட்டால் பல் வைத்தியக் குழு அடுத்த பிப்ரவரியில்தான் வரும், அப்போது அவள் இங்கே இருக்கமாட்டாள் என்பது அவள் கணக்கு. பல்லுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

பலகை வந்ததற்குக் காரணம் போன வருஷத்துக் கூத்து. பதினோரு பிள்ளைகள் நாற்காலியில் உதைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஓபல் என்கிற ஆறு வயதுப் பெண் ஒருபடி மேலே போய், வந்த வைத்தியரின் விரலைக் கடித்துவிட்டாள். அவர் "இந்தப் பிள்ளைகள் ஒத்துழைப்பதில்லை" என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனவர்தான், அப்புறம் திரும்பவில்லை. தொண்ணூற்றாறு பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தைப் பல். அதை அப்படியே விடவும் முடியாது. அதனால் பள்ளியின் நர்ஸ் மிஸஸ் ப்ரூயிட் ஒரு மருத்துவச் சாமான் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துப் பலகைக்குச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கோழி சூப் செய்து தன் கையாலேயே ஊட்டுகிறவர். ஆனால் நல்லவர்கள் கையில் கிடைக்கிற கயிறு கொஞ்சம் இறுக்கமாகவே விழும். "அவங்க நல்லதுக்குத்தானே" என்கிற தைரியம் இருக்கிறதல்லவா.

மாரிசேலாவுக்கு அந்தப் பலகை புதிதில்லை. ஒன்பது வயதில், சொந்த ஊரில், அம்மா ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனாள். ஊசி போட்டார்கள். உதடு தடித்தது. ஆனால் பல் மரக்கவில்லை. அவர் குறடை உள்ளே விட்டதும் மாரிசேலா இரண்டு கைகளையும் தூக்கி, "இன்னும் மரக்கல, வலிக்குது, மரக்கல" என்று சொன்னாள். அறையில் கைமொழி தெரிந்தவர் யாருமில்லை. குழந்தை முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் கைகளைப் பிடித்தார்கள். அப்புறம் பலகையில் வைத்து ஒட்டினார்கள். காது கேட்கிற பிள்ளையின் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினால் ஊரே கூடிவிடும். இவளுக்கு அதைத்தான் செய்தார்கள், யாருக்கும் அது தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று நெற்றியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா புளிமிட்டாய் வாங்கிக்கொடுத்தாள். அது அந்த வீட்டு வழக்கம். அப்பாவும் அம்மாவும் இறைச்சித் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட். கைமொழி வகுப்புக்குப் போக அவர்களுக்கு நேரம் கிடைக்கவேயில்லை. மகளோடு பேச முடியாத இடத்திலெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அழுதால் புளிமிட்டாய், கோபப்பட்டால் பாலில் காய்ச்சிய கேரமல், பிரியம் வந்தால் குச்சி ஐஸ். சொல்ல வேண்டிய வார்த்தை எல்லாம் சர்க்கரையாகத்தான் வந்தது. அந்தப் பள்ளியில் அவளைப் போல முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். பல் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னம் வீங்கியிருந்தது. இனி ஒளிக்க வழியில்லை. காது கேளாத பிள்ளைகளிடம் மறைத்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. சாப்பாட்டு அறையில் நுழைந்ததுமே நாலு மேசைகளிலிருந்து, "என்னடி மூஞ்சி அணில் மாதிரி இருக்கு?" என்று கைகள் பறந்தன. அவள் அறைத்தோழி கார்லிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கார்லிஸின் அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா எல்லோருமே காது கேளாதவர்கள். அதனால் அவளுக்கு உலகத்தில் யாரைப் பார்த்தும் கூச்சம் கிடையாது.

"எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான்."

"பொய் சொல்லாத. மூணு வாரமா ஆப்பிளை என் தலைல கட்டுற. நான் என்ன குதிரையா? வா, நட."

கார்லிஸ் அவள் சட்டையைப் பிடித்து அரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

புதிய வைத்தியர் பெயர் நைகார்ட். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், சட்டுச்சட்டென்று வேலை செய்கிற பெண்மணி. வாயில் முகமூடி. மேலே பெரிய விளக்கு. தண்ணீர் தெறிக்கும் என்று மாரிசேலாவின் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேட், தாடி வைத்த பருத்த மனிதர், குழாய்களுக்கும் தட்டுக்கும் இடையில் நிற்க இடமில்லாமல் நாற்காலியின் தலைப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே நின்று அவர் கையை ஆட்டினால் மாரிசேலாவுக்கு எப்படித் தெரியும்? முதுகிலா கண் இருக்கிறது? கறுப்புக் கண்ணாடி வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெளிச்சமும், உப்பி உப்பி அமுங்குகிற ஒரு முகமூடித் துணியும்தான்.

துணி உப்பியது. மாரிசேலா தலையாட்டினாள்.

காது கேட்கிறவர்கள் முன்னால் இவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. கடைக்காரர் ஏதோ கேட்கிறார், தலையாட்டு. பஸ் டிரைவர் ஏதோ சொல்கிறார், தலையாட்டு. அத்தை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுகிறாள், கால் மணி நேரமும் தலையாட்டு. "புரியல, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். தலையாட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு தொல்லை முடியும். நடக்கப் பழகும்போதே மாரிசேலா இதற்கும் பழகியிருந்தாள்.

ஊசி இறங்கியது. உதடு தடித்தது. துணி மறுபடி உப்பியது. வைத்தியர், "மரத்துப் போச்சாம்மா? ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார். மாரிசேலா தலையாட்டினாள்.

ட்ரில் பல்லைத் தொட்டதும் வலி காது வரை ஏறி மண்டைக்குள் வெடித்தது. அவள் கை தானாக மேலே பறந்தது. தட்டு கவிழ்ந்து கருவிகள் தரையெல்லாம் சிதறின. ட்ரிலின் நுனி நைகார்டின் கையுறையைக் கிழித்தது. மிஸஸ் ப்ரூயிட் ஓடிவந்து அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் இறுகப் பிடித்தார். நல்ல எண்ணத்தில்தான் பிடித்தார். ஆனால் மாரிசேலாவுக்கு அந்த நொடியில் வயது ஒன்பதாகிவிட்டது. அவள் உதைத்த உதையில் விளக்கு சுற்றிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டியது.

எல்லாம் முடிந்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தபோது, வாசலில் முதல் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தர்கூடக் கண்ணை இமைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல சின்னதுங்க முறை," என்று மிஸஸ் ப்ரூயிட் வைத்தியரிடம் சொன்னார். "இவ்ளோ பெரிய பொண்ணே இப்படின்னா அதுங்களை என்னன்னு சொல்றது? பலகையைப் பிரிச்சு வெச்சுடறேன் டாக்டர். ஓபல்தான் முதல்ல. போன வருஷம் கடிச்சவ."

நைகார்ட் கிழிந்த கையுறையைப் பார்த்துக்கொண்டே, "சரி," என்றார். மாரிசேலாவுக்கு வலிமாத்திரை கொடுத்து, மறுவாரம் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்துவிடலாம் என்று எழுதினார்.

இந்தப் பேச்சையெல்லாம் வேட் மாரிசேலாவுக்குக் கைமொழியில் சொன்னார். இப்போது அவர் நேர் எதிரே நின்றிருந்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிய வேண்டிய நேரம் போன பிறகு!

மத்தியானச் சாப்பாட்டில் ஓபல் வந்து அவள் முழங்கையைத் தட்டினாள். முன் பற்கள் இரண்டு விழுந்து, மீதியில் பாதி கறுத்த ஒரு குட்டி வாய்.

"என்னை அதுல போட்டுக் கட்டுவாங்களா?"

மாரிசேலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டிட்டா நான் எப்படிப் பேசுறது?" என்று ஓபல் கேட்டாள். தன்னால்தான் இந்தப் பிள்ளை நாளைக்கு அதில் கிடக்கப்போகிறது என்று நினைத்தபோது மாரிசேலாவுக்குச் சோறே இறங்கவில்லை. இந்தத் தடவை பல் காரணமில்லை.

பள்ளி விட்டதும் விடுதி அறையில் கார்லிஸ் பஞ்சாயத்து வைத்தாள். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மாரிசேலா சொன்னாள். "மரத்துச்சான்னு கேட்டிருப்பாங்க போல, நான் தலையாட்டிட்டேன்" என்ற இடத்தில் கார்லிஸ் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி ஆட்டின?"

"அவங்க கேட்டாங்க, ஆட்டினேன்."

"என்ன கேட்டாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே ஆட்டினியா? நாளைக்கு உன் தலையை வெட்டட்டுமான்னு கேட்டாலும் ஆட்டுவியா?"

"நீ ஆட்ட மாட்ட. உன் வீட்ல எல்லாருக்கும் கை பேசும். என் வீட்ல வந்து ஒரு நாள் இருந்து பாரு. ஆட்டலைன்னா சாப்பாட்டு மேசைல எனக்கு இடமே கிடையாது."

கார்லிஸ் கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாக, "உன் கை பொய் சொல்லாது மாரி. உன் கழுத்துதான் பொய் சொல்லுது. அதை அந்த டாக்டர்கிட்ட சொல்லு," என்றாள்.

"போடி. அவங்க என்னை இனிமே தொடுவாங்களா?"

"கேக்காம எப்படித் தெரியும்? காலைல எட்டு மணிக்குப் போ. சின்னதுங்க ஒன்பதரைக்குத்தான் வருது."

புதன்கிழமை எட்டு மணிக்கு மாரிசேலா அரங்கத்துக்குள் போனாள். நீலப் பலகை உறை பிரிக்கப்பட்டு, ஒரு நாற்காலியின் மேல் விரித்துக் கிடந்தது. வேட் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நைகார்டின் முன்னால் நின்றாள்.

மொழிபெயர்ப்பாளர்கள் மற்றவர் சொல்வதைத் தாங்களே சொல்வது போலச் சொல்வார்கள். ஆகவே தாடிக்கார வேட் தன் கட்டைக் குரலில், "டாக்டர், நேத்து நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு மரக்கவே இல்ல. நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. நான் தலையாட்டினா நம்பாதீங்க," என்றார்.

நைகார்ட் திரும்பினார். முகமூடி இன்னும் போடவில்லை. "நம்பாதேன்னா, எதைத்தாம்மா நம்பறது?"

"என் கையை. இந்தப் பல்லை இன்னிக்கே பாருங்க. ஆனா கறுப்புக் கண்ணாடி வேணாம், வெள்ளைக் கண்ணாடி போடுங்க. வேட் என் கால்பக்கம் நிக்கட்டும், எனக்குத் தெரியற மாதிரி. நீங்க பேசறப்போ வேலை செய்யாதீங்க, வேலை செய்யறப்போ பேசாதீங்க. என் இடது கை மூடி மேல வந்தா நிறுத்திடணும். அப்பவே நிறுத்தணும்."

"வலது கை?"

"அது என் வாய். நீங்க வாயைத் திறந்து வெச்சுட்டா நான் வேற எதால பேசுறது?"

மிஸஸ் ப்ரூயிட் குறுக்கே வந்தார். "டாக்டர், நேத்து கையுறை கிழிஞ்சுது. இன்னிக்கு உங்க விரல் போகும். ட்ரில் ஓடறப்போ கை ஆடிட்டே இருந்தா எப்படி? இந்தப் பொண்ணு மேல எனக்குப் பிரியம்தான், ஆனா—"

"நேத்து என் கையைப் பிடிச்சீங்க," என்று மாரிசேலா அவரைப் பார்த்துச் சொன்னாள். வேட் அதையும் சொன்னார். "எனக்கு வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தேன் மிஸஸ் ப்ரூயிட். நீங்க அதைத்தான் பிடிச்சீங்க."

மிஸஸ் ப்ரூயிட் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நேத்து எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றார் நைகார்ட். "இந்தப் பல்லை முயற்சி பண்ணினா பிடுங்காமலே காப்பாத்தலாம். உள்ள இருக்கற சீழை எடுத்துச் சுத்தம் பண்ணணும். முக்கால் மணி நேரம் ஆகும். உன் கை ஒரே ஒரு தடவை என் கைகிட்ட வந்தாலும் நிறுத்திடுவேன். அப்புறம் ஆஸ்பத்திரிதான். சம்மதமா?"

மாரிசேலாவின் கழுத்து அசையப் பார்த்தது. அவள் அதை நிறுத்தினாள். "சம்மதம். என் கை உங்ககிட்ட வரலைன்னா, அந்தப் பலகையைச் சின்னதுங்களுக்குப் போடக் கூடாது. அதுக்கு நீங்க சம்மதமா?"

நைகார்ட் பலகையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். "சம்மதம்," என்றார்.

நாற்காலி, ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரும் மரப்படி வரிசைகளைப் பார்த்த மாதிரி போடப்பட்டிருந்தது. ஊசி இறங்கிக்கொண்டிருந்தபோதே, ஒன்பதரைக்கு வர வேண்டிய முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எட்டரைக்கே வந்து படிகளில் உட்கார்ந்துவிட்டன. கார்லிஸ் விடுதி முழுக்கச் செய்தியைப் பரப்பியிருந்தாள். அதனால் பெரிய வகுப்புகளும் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தன. அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். கைமொழிக்கு ஒரு வசதி உண்டு. அரங்கத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் இருப்பவருக்கும் தெரியும். பேசுகிறவர் வாயில் என்ன திணித்திருந்தாலும் சரி.

பத்து நிமிஷம் கழித்து நைகார்ட் கருவியைக் கீழே வைத்தார், நிமிர்ந்தார். "மரத்துப் போச்சா?"

வேட் கால்பக்கம் நின்று அதைக் கையால் கேட்டார். மாரிசேலாவின் உதடு பாறையாகக் கனத்தது. நாக்கு பாதி இல்லை. ஆனால் பல்லின் அடியில் ஏதோ ஒன்று இன்னும் விண்விண்ணென்று துடித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் காத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பேரைக் காக்கவைத்து இல்லை என்று சொல்வது அவளுக்கு வாழ்நாளில் வராத வித்தை. தலை கீழே இறங்கத் தொடங்கிவிட்டது.

பாதியில் நிறுத்தினாள்.

அவள் வலது கை எழுந்தது. "உதடு மரத்துப் போச்சு. பல்லு மரக்கல."

"சாதாரணமா இதுக்குள்ள மரத்திருக்கணுமே," என்றார் நைகார்ட்.

"பயத்துல அப்படித் தோணுதோ என்னவோ," என்றார் மிஸஸ் ப்ரூயிட் மெல்ல. வேட் அதையும் விடாமல் கையால் சொன்னார். அது அவர் வேலை.

மாரிசேலாவின் கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை பெரிதாக, கடைசிப் படி வரைக்கும் தெரிகிற மாதிரி. "மரக்கல. இன்னும் மரக்கல."

நைகார்ட் ஒரு நொடி அவள் கண்களைப் பார்த்தார். "அவ பல்லு. அவளுக்குத்தானே தெரியும்," என்று சொல்லி இன்னொரு ஊசியை எடுத்தார். "சீழ் பிடிச்ச பல்லு இப்படித்தான் சண்டி பண்ணும். நல்ல வேளை சொன்ன. நேத்தே உனக்குப் புரியற மாதிரி நான் கேட்டிருக்கணும்."

நல்ல வேளை சொன்ன. அந்த மூன்று வார்த்தைகள் வேட்டின் கையிலிருந்து வந்தபோது மாரிசேலாவின் கண்களில் நீர் முட்டியது. எட்டு வருஷமாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. வெள்ளைக் கண்ணாடிக்கு உள்ளே அது வழிந்து காதோரம் இறங்கியது. இரண்டாவது ஊசி வலித்தது. அதையும் அவள் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் துடிப்பு அடங்கியது. "இப்ப மரத்துப் போச்சு," என்று சொன்னபோது அவள் தலை அசையவே இல்லை.

ட்ரில் ஓடத் தொடங்கியது. இடது கை தொடையின் மேல், விரல்கள் விரிந்து கிடந்தது. வலது கை மார்புக்கு அந்தப் பக்கம், வைத்தியரின் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. படியில் இருந்த இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "ரத்தம் வருதா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல. வாய்க்குள்ள நான் எப்படிப் பார்க்குறது?" என்று வலது கை சொன்னது.

படிகள் சிரிப்பில் குலுங்கின.

"ஊசி எப்படி இருந்துச்சு?"

"கொசு கடிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க. நம்பாத. குளவி. ஆனா ஒரே குளவி. கொட்டிட்டு ஓடிடும்."

"இப்ப என்ன பண்றாங்க?"

"பல்லுக்குள்ள ரோடு போடறாங்க. மண்டையெல்லாம் அதிருது. பஸ் ஜன்னல்ல தலை சாய்ச்ச மாதிரி."

வேட்டுக்கு வேர்த்துக்கொட்டியது. இரண்டு பக்கமும் பேச்சு நிற்கவே இல்லை. நைகார்ட் வேலையை நிறுத்தாமல் கண்ணால் மட்டும் கேட்க, அவர், "இவ என்கிட்ட பேசல டாக்டர். அந்தப் படியில இருக்கறவங்களுக்கு நேரடி வர்ணனை குடுத்திட்டிருக்கா," என்றார்.

ஒரு முறை இடது கை மூடி எழுந்தது. ட்ரில் அந்தக் கணமே நின்றது. நைகார்ட் இரண்டு கைகளையும் அவள் முகத்தை விட்டு எடுத்துவிட்டார். அரங்கத்தில் ஒரு கைகூட அசையவில்லை.

"எச்சில் தொண்டைக்குப் போகுது," என்றாள் மாரிசேலா. குழாயை வைத்து உறிஞ்சினார்கள். இடது கை இறங்கியது. ட்ரில் மறுபடி ஓடியது. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்குத்தான் ஒரு பலகையை வாங்கிவைத்திருந்தார்கள்.

சீழ் வெளியேறியபோது மூன்று வாரத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரமானது. அவள் கை ஒரு தடவைகூட வைத்தியரின் கைப்பக்கம் போகவில்லை. தற்காலிகமாகப் பல்லை அடைத்து, நாற்காலியை நிமிர்த்தி, நைகார்ட் முகமூடியைக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இருபத்தாறு வருஷமா வாய்க்குள்ள கையை விட்டுட்டு எல்லார்கிட்டயும் கேள்வி கேக்கறேன். ஆ, ஆன்னுதான் பதில் வரும். இன்னிக்குத்தான் ஒரு ஆள் முழுசாப் பேசினதைப் பார்த்தேன்," என்றார். அப்புறம் மிஸஸ் ப்ரூயிட்டிடம், "அந்தப் பலகையை நான் கொண்டுபோய் வண்டில வெச்சுட்டு வரேன்," என்றார்.

மிஸஸ் ப்ரூயிட் பலகையின் அருகில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக மடக்கி, ஒட்டி, தானே அக்குளில் இடுக்கிக்கொண்டார். மாரிசேலாவிடம் வந்து, தட்டுத்தடுமாறுகிற கைமொழியில், வேட்டின் உதவி இல்லாமல், "நான் உன் கையைப் பிடிச்சிருக்கக் கூடாது," என்றார். பிறகு அறுபது எழுபது பேர் பார்க்க அரங்கத்தின் நீளத்துக்கும் நடந்துபோய், பனி கொட்டிக்கொண்டிருந்த வாசலுக்கு வெளியே அதைத் தூக்கிக்கொண்டு போனார். படிகளில் அத்தனை கைகளும் உயர்ந்தன. விரல்கள் விரிந்து காற்றில் படபடத்தன. காது கேளாதவர்களின் கைதட்டு அது. கார்லிஸ் இரண்டு கைகளும் போதாமல் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள்.

மாரிசேலாவுக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. பாதி முகம் ஒத்துழைக்கவில்லை. கோணலாகச் சிரித்தாள், எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டாள். இத்தனை சந்தோஷம் உடம்புக்குள் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஓபல் பட்டியலில் முதல் பெயர். அவள் படியிலிருந்து இறங்கி வந்து, யாரும் தூக்கிவிடாமல் நாற்காலியில் ஏறிப் படுத்தாள். வேட் கால்பக்கம் போய் நின்றார். நைகார்ட் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனார். ஓபலின் இடது கை மூடி மேலே எழுந்தது.

நைகார்ட் நிறுத்தினார். "என்னம்மா?"

ஓபல் அவர் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கினாள். வைத்தியரின் கை மறுபடி அருகே வந்தது. ஓபலின் இடது கை மறுபடி எழுந்தது. நைகார்ட் மறுபடி நிறுத்தி, இரண்டு கைகளையும் பின்னால் எடுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை. நான்காவது தடவை. பின்னால் வரிசை காத்திருந்தது. நைகார்ட் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிறுத்தினார்.

ஐந்தாவது தடவை ஓபலின் இடது கை நாற்காலியின் கைப்பிடியில் அப்படியே இருந்தது. போன வருஷம் கடித்த அந்தக் குட்டி வாயை அவள் தானாகவே, தொண்டை தெரியும் அளவுக்கு, அகலத் திறந்தாள்.